அத்தியாயம் 6: ஒரே மலை, ஓடும் வெளிச்சம்

நிலக்காட்சிப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே போகலாம்?" என்றுதான். "எந்த மாதம், எத்தனை மணிக்கு?" என்று கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு. பொழுதில்லாமல் நிலம் இல்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கும் வயலுக்கும் போகிற நமக்கும் இதுவே முதல் பாடம்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே மலையின் அடியில்தான் நிற்கப் போகிறோம்: திருவண்ணாமலை. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர்; சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 600 மீட்டர் எழும்பி நிற்கும் தனி மலை. சுற்றிவர 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. எந்த முகம் வேண்டுமோ அந்தப் பக்கம் போய் நிற்கலாம்; மலை ஏறவே வேண்டாம். வெளிச்சத்தைப் படிக்க இதைவிட வசதியான பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை. உங்கள் ஊரில் இருப்பது ஒரு கரடோ, ஏரிக்கரையோ, பனந்தோப்போ, எதுவானாலும் இங்கே சொல்லும் கணக்கு அங்கேயும் செல்லும்.

நம் ஊர் வெளிச்சம் சீக்கிரம் ஓடும்

'கோல்டன் அவர்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சூரியன் அடிவானத்தை விட்டு 6 டிகிரி உயரம் ஏறும் வரை கிடைக்கும் பொன்னொளி அது. பெயரில் மணி இருந்தாலும் நம் ஊரில் அது ஒரு மணி நேரம் நீடிக்காது. திருவண்ணாமலை இருப்பது 12 டிகிரி வடக்கு அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக மேலே ஏறும், அதேபோல் இறங்கும். லண்டன் போன்ற ஊர்களில் சாய்வாகச் சறுக்கி ஏறுவதால் அந்த 6 டிகிரிக்கு 50 நிமிடம் போல் ஆகும். நமக்குக் கிடைப்பது 25 நிமிடம்தான். அயல்நாட்டுப் புத்தகத்தை நம்பி நிதானமாக நடந்தால் பாதி வெளிச்சம் போயிருக்கும்.

அந்தி இன்னும் வேகம். சூரியன் மறைந்ததிலிருந்து அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை 21, 22 நிமிடம். அதற்குள் வெளிச்சம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். கேமரா கணக்கில் இது ஏழு ஸ்டாப். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். நீங்கள் லென்ஸ் மாற்றி, மறுபடி ஃபோகஸ் பார்த்து நிமிர்வதற்குள் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது மலைக்குத் தெற்கே, சமுத்திரம் ஏரிக்கரையில். ஒரு தை மாத மாலை. கரை ஏறும்போதே மலைச்சரிவு செக்கச்செவேலென்று இருந்தது. ஏரி நீரிலும் அதே நிறம். பையைத் திறந்து, அகல லென்ஸா நீள லென்ஸா என்று யோசித்து, டிரைபாடின் கால்களை நீட்டி, மறைப்பில்லாமல் தண்ணீர் தெரியும் இடம் தேடிக் கொஞ்ச தூரம் நடந்து நிமிர்ந்தேன். மலை சாம்பல் நிறமாகியிருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று முதல் எனக்கு ஒரே விதி: வெளிச்சம் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும். லென்ஸ், சட்டகம், ஃபோகஸ் மூன்றும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு யோசனை கூடாது. அப்போது செய்ய வேண்டியது எக்ஸ்போஷரைப் பார்ப்பதும் ஷட்டரை அழுத்துவதும்தான்.

எட்டு லிங்கம், எட்டுத் திசை

வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தான் எங்கே போய் நிற்பது என்று முடிவெடுக்க முடியும். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம் உண்டு: கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானியம். அடியார்கள் கும்பிட்டுக் கடக்கும் இந்த எட்டு இடங்களும் நமக்கு ஏறத்தாழ ஒரு திசைகாட்டி.

காலையில் ஊர்ப் பக்கம், அதாவது இந்திர லிங்கம் இருக்கும் கிழக்கில் நின்று மலையைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். இது முன்வெளிச்சம். பாறையின் நிறமும் புதர்களின் பச்சையும் முழுசாக வரும். ஆனால் மலையின் மடிப்புகள் தட்டையாகிவிடும். அதே காலையில் தெற்கே எம லிங்கத்துப் பக்கமோ வடக்கே குபேர லிங்கத்துப் பக்கமோ நின்றால் பக்கவெளிச்சம். ஒவ்வொரு பாறையும் தன் நிழலைக் கூடவே வைத்துக்கொண்டு நிற்கும். மலைக்கு உடம்பு வரும். மேற்கே வருண லிங்கத்தருகே நின்றால் எதிர்வெளிச்சம். விவரம் எல்லாம் கறுத்துப் போய் மலையின் கோடு மட்டும் மிஞ்சும். மாலையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறும். வடக்கும் தெற்கும் பக்கவெளிச்சத்துக்கே உரியவை. முதல்முறை போகிறவர்களை நான் தெற்குப் பக்கம்தான் அனுப்புவேன்.

இதில் மாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. எனவே மார்கழி, தையில் தெற்கு முகம் நாள் முழுக்க வெயில் வாங்கும். சமுத்திரம் ஏரியில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் நின்றால் பிரதிபலிப்பும் சேர்ந்து கிடைக்கும் காலம் அது. ஆனியில் காலையும் மாலையும் வடக்கு முகத்துக்குத்தான் வெளிச்சம்; தெற்கிலிருந்து பார்த்தால் மலை பெரும்பாலும் நிழலாகவே தெரியும். ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் அது உச்சிக்கும் வடக்கே இருக்கும்.

இன்னொன்று. நாள்காட்டியில் போட்டிருக்கும் உதய நேரம் சமவெளிக்கு உரியது. மலையடியில் நிற்பவருக்கு உரியது வேறு. மேற்குப் பக்கம், உச்சியிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உச்சி உங்களுக்கு 16, 17 டிகிரி உயரத்தில் தெரியும். சூரியன் மணிக்கு 14 டிகிரி போல் ஏறுகிறது. அது உச்சிக்குப் பின்னாலிருந்து வெளியே வர உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் இதே கதை கிழக்குப் பக்கம்: சூரியன் மறைவதற்கு வெகு முன்பே மலையின் நிழல் ஊர்மேல் விழுந்துவிடும்.

இதை அளக்க ஒரு கருவியும் வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அதைக் கடக்கச் சூரியனுக்கு 40, 45 நிமிடம் ஆகும். மாலையில் சூரியனுக்கும் மலைமுகட்டுக்கும் நடுவே எத்தனை முஷ்டி என்று பார்த்தால் மிச்சம் எவ்வளவு நேரம் என்பது தெரிந்துவிடும்.

பொழுது வாரியாக

வைகறை: உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே கிழக்குப் பக்கம் போய் நின்று மேற்கே பாருங்கள். மலைக்குப் பின்னால் அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை தெரியும். அது வானில் விழும் பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. சூரியன் நெருங்க நெருங்க நீலம் கீழே இறங்கிக் கரையும். வானம் தெளிந்த நாளில் மட்டுமே இது வரும். எல்லோரும் கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பலர் கவனிப்பதில்லை. ஏரியில் பிரதிபலிப்பு வேண்டுமானாலும் வைகறையே நல்லது. காற்று எழுந்துவிட்டால் நீர் கலங்கிவிடும்.

காலை: முதல் வெயில் உச்சியில்தான் விழும், ஊருக்கு வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக. அந்தச் சிவந்த ஒளிக்கோடு பாறை பாறையாகக் கீழே இறங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சி சிவந்து, அடிவாரம் நீல நிழலில் இருக்கும் அந்த இடைவெளியே காலையின் சிறந்த படம். உச்சிக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். அடிவாரம் இருண்டே இருக்கட்டும்.

நண்பகல்: கேமராவை உள்ளே வைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாலையின் பொழுது இது. வெக்கையில் வெளிறிய பாறை, காலடியில் சுருங்கிக் கிடக்கும் நிழல், ஆளற்ற பாதை: நம் கோடையின் உண்மையான முகம் இதுதான். கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். மற்றபடி, மாலையில் நிற்கப் போகும் இடத்தைத் தேடிவைக்க இதுவே தோதான நேரம்.

எற்பாடு: 'எல்' என்றால் சூரியன், அது படும் பொழுது எற்பாடு. நாலரை மணிக்கு மேல் தெற்கிலோ வடக்கிலோ நில்லுங்கள். ஒவ்வொரு மடிப்பும் பக்கத்து மடிப்பின்மேல் நிழலை நீட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், பகலில் ஒரே கட்டியாகத் தெரிந்த மலை எத்தனை குன்றுகளின் அடுக்கு என்பது புரியும். வெளிச்சம் உச்சக்கட்டத்துக்கு வருவது கடைசிக் கால் மணி நேரத்தில். அதுவரை பொறுமை வேண்டும்.

மாலை: சூரியன் மறைந்ததும் கூட நின்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் 20 நிமிடம் நில்லுங்கள். மறைந்த சூரியன் கீழிருந்து உயரத்து மேகங்களைத் தொடும்போது, அடங்கிப்போன வானம் மறுபடி சிவப்பதுண்டு. சிவக்காவிட்டாலும் அதன்பின் வரும் நீலத்தில் ஊரின் விளக்குகளும் வானமும் ஒரே அளவு பிரகாசத்தில் சந்திக்கும் சில நிமிடங்கள் கட்டாயம் உண்டு.

யாமம்: பௌர்ணமி இரவில் நிலவொளியே போதும். ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, 8 வினாடி என்று தொடங்குங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: பௌர்ணமி கிரிவலத்துக்குப் பெருங்கூட்டம் வரும். பாதையில் டிரைபாடை விரித்து நடப்பவர்களை மறிக்கக் கூடாது. ஏரிக்கரைக்கோ வயல் பக்கமோ ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில் பட்டுக்கொண்டிருந்தது, மேலே நிலா. காரை நிறுத்திப் பெரிய கேமராவை அவசரமாக நிலைப்படுத்தினார். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற எண் அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. உலகம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கும் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' அந்த ஒற்றைப் படம்தான். அன்று அவருக்குக் கைகொடுத்தது ஓர் எண். நமக்கும் சில எண்கள் வேண்டும்.

தெளிந்த வெயிலுக்கு எஃப் 16; ஷட்டர் நேரம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நூறில் ஒரு வினாடி. மீட்டர் ஏமாற்றினாலும் இது ஏமாற்றாது. உயரே வந்துவிட்ட முழுநிலாவின் வட்டத்தைப் படமெடுக்க இதே கணக்கில் எஃப் 11.

டிரைபாடில் நிற்கும்போது ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அல்லது 11 என்று நிலையாக வைத்துவிடுங்கள். வெளிச்சம் மாற மாற ஷட்டரை மட்டும் நகர்த்துங்கள். ஒரே சக்கரத்தில் கை இருந்தால் பதற்றம் வராது. அந்தியில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும் என்பது ஏற்கெனவே தெரியும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். மாலையின் மஞ்சளைக் கேமரா குறை என்று நினைத்துத் திருத்திவிடும். பகல் வெயிலுக்கான 5,200 கெல்வின் அளவில் நிறுத்தினால் காலையின் சிவப்பு சிவப்பாகவும் அந்தியின் நீலம் நீலமாகவும் வரும். ரா கோப்பாக எடுத்தால் வீட்டில் வந்து மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த இடத்தில் திரையில் தெரிவது உண்மையாக இருந்தால்தான் அடுத்த முடிவு சரியாக இருக்கும்.

கேமராத் திரையின் பளபளப்பை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் வானம் வெளுத்துப் போய்விட்டது. அதை மீட்க முடியாது. வானத்துக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் அதிகமானால் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படங்கள் எடுத்துவையுங்கள். போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மிக அகலமான லென்ஸில் அதைப் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் திட்டாகிவிடும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். மலையின் வெளிச்சமான பகுதியில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான பேசிகளில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு பிரகாசத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த ஒரு செயலே பாதி வேலையை முடித்துவிடும்.

ஏ.சி. அறையில் தங்கியிருந்தால் கேமராவைப் பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விடுங்கள். சில்லிட்ட லென்ஸை ஈரக் காற்றில் சட்டென்று எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும். அது தெளிவதற்குள் காலை வெளிச்சம் உங்களை விட்டுப் போய்விடும்.

மேகமும் மழையும்

சூரியனின் பாதையைக் கணக்கிட்டுவிடலாம், மேகத்தை முடியாது. அதனால்தான் மேகம் உள்ள நாளே நல்ல நாள். காற்று ஓட்டும் சிதறிய மேகங்களின் நிழல் மலைமேல் ஊர்ந்து போகும்போது, ஒரு சரிவு மட்டும் விளக்குப் போட்டதுபோல் ஒளிரும். அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நிலத்தில் நிழல் நகரும் திசையைப் பாருங்கள். நிழல் ஒரு வயலைக் கடக்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று எண்ணினால், வெளிச்சம் உங்கள் மலைக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எக்ஸ்போஷரை வெயில் படும் பகுதிக்கு முன்னமே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மாலையில் இடிமழை பெய்து ஓய்கிற நேரத்தில் மேற்கே வெயில் எட்டிப் பார்த்தால், உடனே மலைக்கு மேற்குப் பக்கம் போங்கள். வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே வரும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் இருந்தால் தரையில் நிற்பவருக்கு அது தெரியாது; ஆகவே மாலை மூன்றரைக்கு மேல்தான் நம்பிக்கை. மேற்கே நின்று கிழக்கே பார்த்தால் வில்லும் மலையும் ஒரே சட்டகத்தில் வரும். காலை மழையென்றால் இதையே தலைகீழாக்கிக் கிழக்கே நில்லுங்கள்.

தீபம் ஏறும் மாலை

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு கணக்கில் வந்து சேரும் நாள் கார்த்திகை தீபம். மலை உச்சியில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றுகிறார்கள். அந்தப் பருவத்தில் சூரியன் மறைவது 5.45-ஐ ஒட்டி. ஆக, சுடர் எழும்போது மறைந்த சூரியனின் மிச்ச ஒளி மேற்கு வானத்தில் இருக்கும். ஊர்ப் பக்கம் நின்றால் அந்த வானத்தின்மேல் மலையின் கறுத்த உருவமும் உச்சியில் சுடரும் தெரியும். கால் மணி நேரம் தாண்டினால் வானம் இருண்டு மலையின் கோடு மெல்லக் கரையத் தொடங்கும். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, அரை வினாடி என்று தொடங்கி, திரையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் உச்சியில் தீபம் எரியும்; கூட்டம் குறைந்த அந்த மாலைகளில் இதே படத்தை நிதானமாக எடுக்கலாம். தீபத்தன்று கொஞ்ச நேரமாவது கேமராவை இறக்கிவிட்டு, கூடியிருப்பவர்களோடு சேர்ந்து நின்று பாருங்கள். அந்த மலை எத்தனை பேருக்கு எதுவாக இருக்கிறது என்று தெரிந்தவர் எடுக்கும் படம் வேறு மாதிரி வரும்.

பயிற்சி

ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். திருவண்ணாமலை முடியாவிட்டால் உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் மரமோ குன்றோ போதும். டிரைபாட் கால் நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவையுங்கள். ஒரே லென்ஸ், ஒரே சட்டகம். வைகறையிலிருந்து அந்தி முடியும் வரை பன்னிரண்டு படம்: காலையில் நான்கு, பகலில் இரண்டு, எற்பாட்டிலும் மாலையிலுமாக ஆறு.

கூடவே ஒரு நோட்டு. தேதி, மணி, சூரியன் எத்தனை முஷ்டி உயரம், மேகம் எப்படி, ஷட்டர் எவ்வளவு, மலையின் எந்த மடிப்பில் வெளிச்சம் விழுந்தது என்று படத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் இதைத் திரும்பச் செய்தால் ஓர் ஆண்டில் 144 படமும் 144 வரியும் சேரும். படங்களில் பாதி சுமாராகத்தான் இருக்கும். அதனால் நோட்டின் மதிப்பு குறையாது.

ஏரிக்கரையில் மலை சாம்பலான அந்த மாலைக்குப் பிறகு நானும் ஒரு நோட்டு போட்டேன். அதில் தேதியும் மணியும் குறித்து, கீழே 'நிருதி லிங்கத்துக்கு மேலே தெரியும் சரிவு' என்று எழுதினேன். அடுத்த ஆண்டு அதே தேதியில் அதே கரையில் நாலரை மணிக்கே போய் நின்றேன். குறித்த நேரத்தில் வெளிச்சம் அதே சரிவில் வந்து விழுந்தது. இந்த முறை என் விரல் ஷட்டரின் மேல் இருந்தது.